பியானோவின் நடை

நண்பர்களே, பயணக் கவிதையை எடுத்துப் பாட்டாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. கவிதைக்குள் ஆள் மைல் கணக்கில் நடக்கிறான், மேடையில் பாடுகிறவரோ பியானோ பக்கத்தில் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை. அப்படியென்றால் நடப்பது யார்? பியானோதான். அதைப் பக்கவாத்தியமாக நினைத்துக் கேட்டால் பாதிப் பாட்டு காதில் விழாது.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' என்ற பாடல் தொகுப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1827-ல் எழுதியது, வில்ஹெல்ம் மியூலரின் கவிதைகள், 24 பாடல்கள். காதல் முறிந்தவன் ராத்திரியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறான், முதல் பாட்டிலேயே பியானோ ஒரே சீராக அடியெடுத்து வைக்க ஆரம்பித்துவிடும். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் இன்று வேறொரு நாடோடியிடம் போகிறேன்.

'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் 1894-ல் சமோவாவில் இறந்தார், 44 வயதுதான். அவருடைய 'பயணப் பாடல்கள்' 1896-ல் வந்தது. அதில் 'நாடோடி' என்ற கவிதையின் தலைப்புக்குக் கீழே 'ஷூபர்ட்டின் ஒரு மெட்டுக்கு' என்று போட்டிருக்கிறார், எந்த மெட்டு என்று மட்டும் சொல்லவில்லை மனிதர்! ஆங்கில இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ் இந்தப் புத்தகத்திலிருந்து சில கவிதைகளை எடுத்துப் பாட்டாக்கியபோது 'நாடோடி'க்குச் சொந்த மெட்டே போட்டார். தொடக்கத்தில் இடது கை கனமாக, திடம் திடமாக நடக்கிறது, குரல் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஆற்றுத் தண்ணீரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பேன், புதருக்குள் படுப்பேன், செல்வமும் வேண்டாம் காதலும் வேண்டாம் என்று வீராப்பாகப் பாடுகிறவன், இலையுதிர்காலக் குளிர் விரலைக் கடிக்கும் இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். எனக்கு அந்த வீராப்பைவிட இந்த இடம்தான் பிடிக்கும். ஷூபர்ட்டின் ஆளை ஊர் கைவிட்டது, இவன் ஊரை வேண்டாம் என்கிறான். ஆனால் குளிர் இருவருக்கும் ஒன்றுதானே?

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1904 டிசம்பரில் லண்டன் பெக்ஸ்டைன் அரங்கில், அதாவது இன்றைய விக்மோர் அரங்கில், அவர் அமைத்த எட்டுப் பாடல்களையும் சேர்த்துப் பாடினார்கள். அச்சில் வந்தபோது எல்லாம் சிதறிப்போனது: ஒரு பாட்டு 1902-லேயே தனியாக வந்திருந்தது, 1905-ல் மூன்று, 1907-ல் நான்கு, வரிசையும் மாறிவிட்டது. 1958-ல் வான் வில்லியம்ஸ் இறந்த பிறகு மனைவி உர்சுலா காகிதங்களைப் புரட்டும்போது ஒன்பதாவது பாட்டு கிடைத்தது. நாலே வரிக் கவிதை. மேடும் பள்ளமும் நடந்தாயிற்று, வாழ்ந்தேன், நேசித்தேன், கதவைச் சாத்திவிட்டேன் என்று முடிகிறது. அதற்குள் 'நாடோடி'யின் நடை திரும்பி வருகிறது, முந்தைய பாடல்களின் துணுக்குகளும் வருகின்றன. முன்னால் உள்ளதைக் கேட்காதவருக்கு அது வெறும் நாலு வரிதான். அதனால்தான் முழுத் தொகுப்பையும் பாடும்போது மட்டுமே இதைப் பாட வேண்டும் என்று அச்சுப் பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது.

இருந்தும் கச்சேரிகளில் 'நாடோடி'யை மட்டும் உருவியெடுத்துப் பாடிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கம்பீரமாக இருக்கிறது, கைதட்டல் வருகிறது, சரி. நீங்கள் வீட்டில் கேட்கும்போது ஒன்பதையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள், இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.