ஒரு மாத இடைவெளியில் இரண்டு கிராம சபைகள்

பெரியோர்களே, தாய்மார்களே, அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் அக்டோபர் 2 வரும், கிராம சபை கூடும். அதிலிருந்து முப்பதாம் நாள் நவம்பர் 1, உள்ளாட்சி தினம். அன்றும் கிராம சபை உண்டு. 2022 வரை நமக்கு ஆண்டுக்கு நான்கு கிராம சபைகள்தான். அந்த ஆண்டில்தான் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாயின. இந்த ஆறில் இவ்வளவு நெருங்கி வருபவை இந்த இரண்டு மட்டுமே. தீபாவளி போன்ற காரணங்களால் தேதி சில நாள் தள்ளிப்போவது உண்டு. ஆனாலும் மழைக்காலத்தை ஒட்டித்தான் இரண்டும் வரும்.

அந்த முப்பது நாளுக்குள் என்ன நடக்கிறது? வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்கிறது. வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அக்டோபரில் கேளுங்கள். நவம்பரில் கணக்குக் கேளுங்கள். மழை வருவதற்கு முன் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், மழைக்குள் என்ன செய்தார்கள் என்று ஒரே சபையில், ஒரே முகங்களைப் பார்த்துக் கேட்க ஆண்டில் இந்த ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது.

கேட்பது என்றால் எதைக் கேட்பது? கூட்டம் நடக்கும் இடத்தில் வரவு செலவுக் கணக்கைப் பெரிய ஃபிளெக்ஸ் பேனராகக் கட்டியிருப்பார்கள். கட்ட வேண்டும் என்பது அரசின் அறிவுரை. பெரும்பாலும் அதை நாம் ஒதுங்கி நிற்கும் நிழலாகத்தான் பயன்படுத்துகிறோம். இந்த முறை அதன் முன்னால் நின்று வரிவரியாகப் படியுங்கள். மின்கட்டணம், குழாய் உடைப்புச் சரிசெய்தல், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் என்று தனித்தனியாக இருக்கும். எந்தத் தெருவில் குழாய் சரிசெய்யப்பட்டது என்று அந்தத் தெருக்காரரே எழுந்து கேட்டால் போதும். எழுத்தில் இருக்கும் தொகைக்கும் மண்ணில் இருக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும்.

குடிநீர்த் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மழைக்காலத்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் குழந்தைகளைத்தான் முதலில் பிடிக்கின்றன. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் தூணிலோ சுவரிலோ எழுத வேண்டும். நாளைக் காலையிலேயே போய் அந்தத் தேதியைப் பாருங்கள். பெயிண்ட் வெளுத்துப்போய்ப் பழைய தேதி இருந்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது குளோரின். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். போட்டார்களா இல்லையா என்பதைக் கடைசித் தெருக் குழாயில் கண்டுபிடிக்கலாம். குளோரோஸ்கோப் என்ற சிறிய பெட்டி இருக்கிறது. அதிலுள்ள குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாக மாறும். மாறவில்லை என்றால் குளோரின் அந்தத் தெரு வரை வந்து சேரவில்லை என்று பொருள். அக்டோபர் 2 அன்று சபைக்கு நடுவே அந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தண்ணீரை மேட்டுத் தெருக் குழாயில் பிடிக்க வேண்டாம். கடைசித் தெருவிலிருந்து ஒரு தாய் குடத்தில் கொண்டுவரட்டும்.

ஏரி வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அது எங்கள் கையில் இல்லை." பாதி உண்மை. 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் தரும் ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. யாருடைய பொறுப்பு என்று சொல்லட்டும். சொன்னதும், அந்தத் துறைக்கு அனுப்பும்படி தீர்மானம் போடச் சொல்லுங்கள். அனுப்பிய கடிதத்தின் எண்ணை நவம்பரில் கேளுங்கள்.

இனி தீர்மானப் புத்தகம். கிராம சபையின் உயிர் அதில் இருக்கிறது. ஏமாற்றமும் அதில்தான் நடக்கிறது. வருகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எழுதாத பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். கலைவதற்கு முன் எல்லாத் தீர்மானங்களையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண்ணையும் நினைவில் வையுங்கள்: மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நாம் வராவிட்டால் அந்த எண்ணிக்கை எப்படியோ நிரம்பிவிடுகிறது. வந்தவர்களை மட்டுமே கொண்டு நிரம்ப வேண்டும் என்பது என் ஆசை.

கணக்குக் கேட்கும் உரிமை நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் வாரியத் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்குகிறது. பத்தாம் நூற்றாண்டில் இவ்வளவு கறார். ஆனால் அந்தப் பெருமையைப் பேசும் மேடைகள் ஒன்றை விட்டுவிடுகின்றன: நிலமும் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ அங்கே இடமில்லை. இன்றைய சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த உரிமை சட்டமாயிற்று.

சட்டமானதும் நடந்துவிட்டதா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பட்டியலினத்தவர் தலைவராவதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததால், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையான உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006-இல்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொண்டார். கூட்டம் ஒவ்வொரு குடியிருப்பிலும் சுழற்சி முறையில் நடக்க வேண்டும் என்ற விதியின் அருமை இதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காலனியில் ஒருமுறையும் நடக்கவில்லை என்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் நடந்த கிராம சபையில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள மேலூர்ப் பகுதி ஊர்களும் மத்திய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் டிசம்பரில் அதையே சொன்னது. மக்கள் சாலைக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் போட்ட தீர்மானங்கள் பல. அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. தீர்மானம் மட்டும் வெல்லும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் இல்லாத எதிர்ப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியாக, உங்களில் பலர் கேட்கும் கேள்வி: தலைவரே இல்லாத ஊரில் யாரைக் கேட்பது? 2025 ஜனவரி 5 அன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் மக்கள் நேராகக் கேட்க மிஞ்சியிருப்பது கிராம சபைதான். அதற்குப் பதவிக்காலம் கிடையாது. கூட்டம் முடிந்த மறுநாளே தீர்மான நகல் கேட்டு ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது: வெள்ளைத்தாளில் மனு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாளுக்குள் பதில். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இந்தக் கூட்டம் முடிந்ததும் நூலகத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியோடு வாருங்கள்.