டீயில் கடற்பாசி வாசனை: கெட்டுப்போச்சா, நல்ல தேயிலையா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு நாகர்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்து பேசுகிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். இளம்பச்சை நிறம், லேசான கலங்கல். இது கியோகுரோ, ஜப்பான் பச்சைத் தேயிலை. ஒரு வாய் குடித்தால் முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். கூடவே கடற்பாசி வாசனை. "கெட்டுப்போன தேயிலையை வாங்கிட்டோமோ" என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பதே இந்தச் சுவைக்காகத்தான்.

விஷயம் வெயிலில் இருக்கிறது. தேயிலைச் செடியின் வேரில் தியானின் என்ற அமினோ அமிலம் உருவாகி இலைக்கு ஏறும். வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி கேட்டகின்களாக மாறும், துவர்ப்பு அதனால்தான். கியோகுரோவுக்குப் பறிப்பதற்கு முன் சுமார் 3 வாரம் செடிக்கு மேல் பந்தல் போட்டு மூடிவிடுவார்கள். தியானின் அப்படியே தங்கும். நாக்கில் சூப் குடித்த மாதிரி நிற்கும் அந்த ருசிக்கு உமாமி என்று பெயர். 1908இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றில் அந்த ருசியைத் தரும் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து வைத்த பெயர் அது. தியானின் குளுட்டமேட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

சரி, கடற்பாசி வாசனை? அதற்குப் பெரிய காரணம் டைமெத்தில் சல்பைடு. முட்டத்திலும் குளச்சலிலும் நம் மூக்குக்குப் பழகிய கடல் வாசனையிலும் இதே பொருள் உண்டு. நிழலில் வளர்ந்த இலையில் இது தூக்கலாக இருக்கும். பறித்த கையோடு ஆவியில் அவிப்பதால் பச்சை வாசனையும் போகாது. சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுப்பதால் அங்கே வறுத்த பயறு வாசனை முன்னால் நிற்கும்.

கட்டன் சாயாவுக்குக் கொதிக்கவைப்பது போல இதைக் கொதிக்கவைக்காதீர்கள். 60 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறிய வெந்நீர், கொஞ்சமாக, 2 நிமிடம். கொதிநீர் ஊற்றினால் துவர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். கருவாட்டு டப்பாவுக்கும் மசாலாவுக்கும் நடுவில் வைத்தால், காய்ந்த இலையை முகர்ந்தாலே தெரியும். நல்ல இலை இனிப்பாக மணக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரம் வேறு. காற்றுப் புகாத டப்பா கட்டாயம்.

அப்புறம், ஊற வைத்த இலையை வீசாதீர்கள். ஜப்பானில் சோயா சாஸ் விட்டுச் சாப்பிடுவார்கள். நான் இப்போது தேங்காயும் சின்ன உள்ளியும் போட்டு துவரன் வைக்கப் போகிறேன்.