வயிற்றைச் சுடுகாடு என்று சொல்லாதீர்கள்

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உயிர்களிடம் அன்பு காட்டுபவர் சைவம் உண்பவரா, அசைவம் உண்பவரா என்பது தலைப்பு. நான் அசைவ அணி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி வள்ளுவரைத் துணைக்கு அழைத்து வந்தார். புலால் மறுத்தல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் மூச்சு விடாமல் சொன்னார். ஆனால் அந்த அதிகாரம் எந்த இயலில் இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார். துறவறவியலில் இருக்கிறது, நடுவர் ஐயா! இல்லறவியலில் வள்ளுவர் நமக்கு வைத்தது விருந்தோம்பல். தம்பிக்குப் போன தையில்தான் கல்யாணம். துறவறத்துக்கு இப்போது என்ன அவசரம்?

சரி, குறளோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டிவிட்டு என் பேச்சைப் பேசியிருப்பேன். உற்சாகத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். "அசைவம் சாப்பிடுகிறவர் வயிறு வயிறல்ல, சுடுகாடு" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

யாருடைய வயிற்றைச் சொன்னீர்கள், தம்பி? விடியும் முன்னே வலையோடு கடலுக்குப் போகிறவர் வயிற்றையா? சித்தாள் வேலை முடித்து வரும் வழியில் ஒரு கூறு நெத்திலி வாங்கி, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் குழம்பு வைக்கிறாளே, அவள் வயிற்றையா? அந்த வயிற்றில்தானே ஒரு பிள்ளை பத்து மாதம் இருந்தது! அதையா சுடுகாடு என்கிறீர்கள்?

வள்ளலாரையும் சொன்னீர்கள். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டிய மகான். புலால் உண்பவரை உறவாகக் கொள்ளாதே என்று கண்டிப்பாகப் பாடியவர்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அதே பாட்டில், அவர்களுடைய பசியையும் தீர்த்துவிடு என்றார். அசைவம் உண்பவர் வயிற்றிலும் அவர் பசியைத்தான் பார்த்தார்.

தயிர்சாதத்தில் உயிர்க்கணக்கு இல்லையா? மாடு கன்று போட்டால்தான் பால். போட்டது காளைக்கன்று என்றால்? டிராக்டர் வந்த பிறகு அதற்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. உலகத்திலேயே அதிகமாகப் பால் கறக்கும் நம் நாடுதான் எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்கிறது. அப்புறம் அந்தச் சாதம். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டுக்கிடை போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் உரமாகி நெல் விளைகிறது. கிடை போட்டவர் ஆட்டை விற்காமல் எதை வைத்துப் பிழைப்பார்?

உயிர்மேல் அன்பு என்றால் எனக்கு எங்கள் அப்பத்தாதான். சிவகங்கைப் பக்கம் ஆடு வளர்த்தவள். ஒரு வெள்ளாடு குட்டி போட்டதும் செத்துப்போனது. அந்தக் கிடாக்குட்டியை இன்னோர் ஆட்டிடம் ஊட்ட விட்டால், அது முட்டித் தள்ளியது. அப்பத்தா நடுராத்திரியில் எழுந்து சங்கில் பால் புகட்டினாள். எங்களுக்குப் புகட்டிய அதே சங்கு! மழை பெய்தால் குட்டி வீட்டுக்குள்ளே, தாத்தா திண்ணையில். ஒருநாள் தாத்தா பொறுக்க முடியாமல் கேட்டார், "இந்த வீட்ல நான் யாரு?" அப்பத்தா சொன்னாள், "உங்களுக்குக் குளிருச்சுன்னா சொல்லத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" பின்வரிசைக்குக் கேட்டதா? முன்வரிசைத் தாத்தாக்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். "உங்களுக்குச் சொல்லத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" தாத்தா மறுபேச்சு இல்லாமல் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

என் கூடப்பிறந்த தம்பி காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கிடாயைத்தான் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டாள். திருவிழா அன்று மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். கிடா தானாக உடம்பைச் சிலுப்ப வேண்டும், அதுதான் உத்தரவு. அதுவரை அரிவாளைத் தூக்கக் கூடாது. ஊற்றினார்கள், சிலுப்பவில்லை. அப்பத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடியும் ஊற்றினார்கள். கொட்டு நின்றுவிட்டது. பெரியப்பா, "குடத்தோட ஊத்துங்கடா" என்கிறார். அப்பத்தா குறுக்கே கையை நீட்டிவிட்டாள். "யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அதுக்கு எப்ப இஷ்டமோ, அப்ப." வெயில் ஏறுகிறது. உலை கொதிக்கிறது. ஊரே ஓர் ஆட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! கடைசியில் அப்பத்தாவே போய், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். அவள் விலகியதும் தலையிலிருந்து வால்வரை ஒரே சிலுப்பு.

அன்று ஈரல், பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் போனது. எலும்புச் சாறு, படுக்கையில் கிடந்த கிழவருக்குப் போனது. ஊரே சாப்பிட்டது. அப்பத்தா மட்டும் கஞ்சி குடித்தாள். இதோ, "உங்கள் அப்பத்தா எங்கள் அணி" என்று தம்பி சைகை காட்டுகிறார். இல்லை தம்பி. மறுவாரமே அயிரைமீன் குழம்பு வைத்து எங்களுக்கு ஊட்டியவள் அவள். அன்று அவள் துக்கம் காத்தாள், பால் புகட்டிய உயிருக்காக. கறி வெந்த வீட்டில்தான் ஓர் ஆட்டுக்காக அழுதார்கள்.

கடைசியாக ஒன்று. 1989இல் நம் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குள் இந்தச் சண்டை இல்லை, ஐயா.

எங்கள் வீட்டில் அவித்த முட்டையை நூலால் அறுத்துப் பங்கு வைப்பாள் அம்மா. எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு வரும். அவள் தட்டுக்கு வராது. கேட்டால், "எனக்கு முட்டை வாடையே ஆகாதுடா" என்பாள். அம்மா சைவம் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். எனக்கு வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் ஒரு அட்டை முட்டை வாங்கி வந்த அன்று, அவள் ஒரு முழு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுச் சாப்பிட்டாள். நாங்கள் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுவர் ஐயா, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் தம்பி இந்த மைக்குக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன். நன்றி, வணக்கம்.