இலை விழுந்தால் அது இறந்தகாலம்: ஒரு மேடை வீட்டின் கதை

[திரையில்: இருண்ட மேடை, சுவரில்லாத வீட்டின் கோட்டுச் சித்திரம்]

1949 பிப்ரவரி 10. நியூயார்க்கின் மொரோஸ்கோ தியேட்டரில் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ தொடங்கியது. இயக்கம் எலியா கசான். செட், லைட்டிங் இரண்டும் ஜோ மீல்சைனர்.

நாடகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வில்லி லோமன் என்ற வயதான விற்பனையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனம் பழைய நாட்களுக்குத் தாவிவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் திரையை இறக்கி செட் மாற்றினால் நாடகம் அங்கேயே செத்துவிடும்.

[திரையில்: சமையலறையும் மாடியும்]

மீல்சைனர் வீட்டின் எலும்புக்கூட்டை மட்டும் கட்டினார். கூரைக்கு ஒரு கோடு. சமையலறையில் மேசை, மூன்று நாற்காலி, ஃபிரிட்ஜ். சுவரே கிடையாது. ஆனால் நிகழ்காலக் காட்சியில் நடிகர்கள் சுவர் இருப்பதாகவே நினைத்துக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். பழைய நினைவு என்றால் அந்தச் ‘சுவரை’த் தாண்டி நேராக முன்மேடைக்கு நடந்து வரலாம். இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை, பார்வையாளருக்குத் தானாகவே புரிந்துவிடும்.

[திரையில்: பின்னால் அடுக்குமாடிகள், அப்புறம் இலைகள்]

இனி புரொஜெக்‌ஷன். வீட்டுக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் மஸ்லின் துணியில் அடுக்குமாடிக் கட்டடங்களை வரைந்திருந்தார்கள். பின்னாலிருந்து விளக்குப் போட்டால் அவை வீட்டை நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த விளக்கை அணைத்து, வீட்டின் மேல் இலைகளின் உருவத்தைப் பாய்ச்சினால் கட்டடங்கள் மறைந்து பழைய காலம் வந்துவிடும். ஏன் இலை? வீட்டருகே இருந்த இரண்டு எல்ம் மரங்களைக் கட்டடக்காரன் வெட்டிவிட்டான் என்று வில்லி நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே புலம்புவார். அந்த நிழல்தான் இப்போது திரும்பி வருகிறது. அழகுக்காகப் போட்டதல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. மாடியில் படுத்திருக்கும் மகன்கள் அடுத்த நிமிடமே சிறுவர்களாகக் கீழே வர வேண்டும். அதற்காகக் கட்டிலுக்குள்ளேயே லிஃப்ட் வைத்து, யார் கண்ணிலும் படாமல் அவர்களை இறக்கினார்கள்!

சரி, நீங்கள் செய்து பார்ப்பதானால் முதலில் முன்பக்க விளக்குகளைக் கவனியுங்கள். அந்த வெளிச்சம் துணியில் பட்டால் உருவம் வெளிறிவிடும். நடிகர்களுக்குப் பக்கவாட்டிலிருந்தும் உயரத்திலிருந்தும் ஒளி கொடுங்கள். துணியிலிருந்து அவர்களைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள். அப்புறம், காட்சிக்கு ஒரு படம் என்று மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இன்றைய எல்இடி சுவர்களில் எனக்கு அலுப்புத் தட்டுவது அதனால்தான்.

[திரையில்: 2012]

2012இல் மைக் நிக்கல்ஸ் இதே நாடகத்தை பிராட்வேயில் மறுபடி இயக்கினார். வில்லியாக நடித்தவர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன். வீடியோ வசதியெல்லாம் வந்துவிட்ட காலத்திலும் நிக்கல்ஸ் எடுத்துக்கொண்டது மீல்சைனரின் அதே செட் வடிவத்தைத்தான்.