“எங்கேயாவது சேர்த்துவிடுங்க சார்”

வணக்கம். நான் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதித் தருவது டாக்டர், அதற்கு முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. இளைஞர்களின் மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். தலைப்பு ரொம்பப் பெரிசு, அதனால் அதில் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். நாமெல்லாம் ஓ.பி. என்று சொல்கிறோமே, அந்தப் புறநோயாளிப் பிரிவு. காலையில் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டில் இருக்கிற வைத்தியம்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் பலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: “எங்கேயாவது சேர்த்துவிடுங்க சார், ஒரு ஆறு மாசம் உள்ளே கிடந்தா திருந்திடுவான்.” பையன் பக்கத்திலேயேதான் நிற்பான். பதினேழு வயது இருக்கும். அவன் காதில் விழுவதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், பல மாதம் தூங்காமல் வந்திருப்பார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பையன் என்னிடம் வாயைத் திறக்க அப்புறம் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும்.

உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் தெரியாமல் உளறி, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்க்கிற நிலைமைக்கும் போகலாம். இது உயிருக்கு ஆபத்து, கட்டாயம் படுக்கை வேண்டும். உயிரை விட்டுவிடுவேன் என்று சொல்லி அதற்கான ஏற்பாட்டிலும் இறங்கிவிட்ட பிள்ளை, காதில் குரல் கேட்டு வீட்டாரையே எதிரியாகப் பார்க்கிற பிள்ளை, இவர்களையும் தனியாக விடக்கூடாது. மற்றபடி எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஓ.பி. போதும். போதும் என்பதைவிட, அதுதான் பொருத்தம்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, டெல்லி எய்ம்ஸ் நடத்தியது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு வகையில் சிகிச்சையோ உதவியோ கிடைத்தவர் 38 பேரில் ஒருவர்தான். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அத்தனை பேருக்கும் கட்டில் போட்டு வைத்தியம் பார்க்க எந்த அரசாலும் முடியாது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பசை, தின்னர் மாதிரியானவற்றை முகர்கிற பழக்கம் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். இந்தப் பிள்ளைகளுக்காக எந்த வார்டும் காத்திருக்கவில்லை, ஓ.பி.தான் இருக்கிறது.

அப்புறம் இந்த மறுவாழ்வு “மையம்” விவகாரம். ராத்திரி வேன் வந்து நாலு பேர் இறங்கி, பையனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போவார்கள். பெற்றவர்களே பணம் கட்டி ஏற்பாடு செய்திருப்பார்கள். மனநல, போதை மறுவாழ்வு நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேளுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரைச் சேர்ப்பதே விதிவிலக்கான சூழ்நிலையில்தான். அப்போதும் பெரியவர்களோடு சேர்த்துப் போடக்கூடாது, பெற்றோரோ வீட்டு ஆள் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். “பத்து நாளைக்குப் பார்க்க வரக்கூடாது” என்று ஓர் இடத்தில் சொன்னால் அங்கிருந்தே பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது என்று இந்த மாநிலத்துக்குத் தெரியும். மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் போனார்கள். கட்டிப்போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இப்போது கதவும் பூட்டுமாக வேறு உருவத்தில் இருக்கிறது.

பூட்டி வைத்தால் ஏன் பலன் நிற்பதில்லை என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஐயப்பனுக்கு மாலை போட்டவரைப் பாருங்கள். ஒரு நாள்கூடத் தண்ணி இல்லாமல் இருக்க முடியாதவர் 48 நாள் சுத்தமாக இருப்பார். வீடே கோயில் மாதிரி இருக்கும், அந்த அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்? அதே தெரு, அதே கூட்டாளி, பையில் காசு. விரதம் பொய்யென்று சொல்லவில்லை. இந்த மனுஷனால் நிறுத்த முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம், நானே பலரிடம் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிறுத்துவது ஒரு வேலை, கழற்றின மறுநாள் சாயங்காலம் ஆறு மணியைத் தாண்டுவது வேறு வேலை. அந்த ஆறு மணியை அவன் தன் தெருவில் இருந்துகொண்டேதான் பழக முடியும். வாரம் ஒரு தடவை வந்து, “இந்த வாரம் எந்த நாள் கஷ்டமாக இருந்தது, யார் கூப்பிட்டார்கள், என்ன சொல்லி நழுவினாய்” என்று பேசிப் பேசித்தான் அது கைக்கு வரும். பள்ளிக்கூடமும் நிற்காது, வேலையும் போகாது. (தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போடுவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள், வலிப்பு சமாச்சாரம் அங்கேயும் உண்டு.)

சரி, ஓ.பி.யில் என்னதான் நடக்கிறது? அம்மாவும் பையனும் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பேசிக்கொண்டே இருப்பார், பையன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவேன். கதவு சாத்தியதும் கஞ்சாவைப் பற்றி நான் கேட்க மாட்டேன். எப்போது தூங்குகிறாய், கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டாய், வகுப்பில் எந்த பெஞ்ச், யாரோடு பேசிச் சிரிப்பாய் என்று அப்படித்தான் போகும். பாதி நேரம் அதற்குள்ளேயே விஷயம் வெளியே வந்துவிடும். ராத்திரி நெஞ்சு படபடவென்று அடிக்கிறது சார், கஞ்சா அடித்தால்தான் தூக்கம் வருகிறது என்பான். அப்பா செத்த பிறகு வீட்டில் யாரும் அவர் பேரையே எடுப்பதில்லை என்பான் இன்னொருவன். சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார முடியாமல், எல்லா ஆசிரியரிடமும் அடி வாங்கி, கடைசி பெஞ்சில் கூல் லிப் என்கிற புகையிலையை உதட்டுக்குள் வைத்துப் பழகினவன் இன்னொருவன். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளேயும், பாதி பதினெட்டு வயதுக்குள்ளேயும் தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு அது தெரிய வருவதற்குள் பையன் தானே தனக்கு ஒரு மருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

அதனால்தான் “முதலில் போதையை விட்டுட்டு வா, மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டையும் ஒரே சமயத்தில், முடிந்தால் ஒரே அறையில் பார்க்க வேண்டும். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்துக்குத் தூக்கம் கெடும், பசி எடுக்காது, எரிந்து எரிந்து விழுவான். அதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவைத்தால் சமாளித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், “நிறுத்தினதும் இன்னும் மோசமாயிட்டான்” என்று வேனுக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. மனச்சோர்வுக்கு இப்போது வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் போதை தருவதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்காம் நாளே “ஒண்ணும் தெரியலை” என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சிறு வயதினருக்கு இதை ஆரம்பிக்கிற முதல் சில வாரம் கூடவே ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பதற்றம் கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிவர வேண்டும். நல்லாகிவிட்டது என்று தோன்றினாலும் தானாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. “குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்” என்று பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கிறதே, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் எழுதித் தருகிற டைசல்பிராம் மாத்திரையையே குழம்பில் கலந்து கொடுக்கிற வீடுகள் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே வினையாகலாம். குடிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு, ஒத்துக்கொண்டு போட்டால்தான் அது மருந்து.

குடும்பத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-ல் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்த அந்தச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு. குடிக்கிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பாமல் வீட்டாருக்கும் தனியாக ஒரு சிகிச்சைத் திட்டம் வைத்தார்கள் அங்கே. அது எவ்வளவு அவசியம் என்று ஓ.பி.யில் தினமும் தெரியும். பையன் வாங்கிய கடனை அம்மா நகையை வைத்து அடைப்பார், காலேஜுக்குக் காய்ச்சல் என்று அக்கா போன் பண்ணுவாள், அப்பா சாயங்காலம் தானும் இரண்டு பெக் போட்டுவிட்டு வந்து பெல்ட்டை எடுப்பார். ஒவ்வொருவரும் பாசத்தில்தான் செய்கிறார்கள், பழக்கம் மட்டும் அப்படியே பாதுகாப்பாக இருக்கும். இதைச் சொல்லிக்காட்டிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நாங்கள் உங்களைக் கூப்பிடுவதில்லை. எந்தக் கடனை அடைப்பது, எதை அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது, போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல் எப்போது பேசுவது, இதற்கெல்லாம் வழி இருக்கிறது, கற்றுக்கொள்ள முடியும்.

பையன் வர மாட்டேன் என்கிறானா? நீங்கள் மட்டும் வாருங்கள். சீட்டு உங்கள் பெயரில் போடலாம், தூக்கம் கெட்டுப்போனவர் நீங்களும்தானே. அம்மா தனியாக வந்து பேசிப் போய், வீட்டில் நடந்துகொள்ளும் விதம் கொஞ்சம் மாறி, அதைப் பார்த்துப் பையன் பின்னாலேயே வந்த வீடுகள் உண்டு. குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது, பெயரும் யாரும் கேட்க மாட்டார்கள்.

“போலீஸ் கேஸ் ஆயிடுமா சார்?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். சிகிச்சைக்கு வருகிறவரின் விஷயத்தை ரகசியமாக வைத்திருப்பது சட்டப்படி எங்கள் கடமை. 1985-ன் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ உபயோகித்ததாகவோ வழக்கில் இருப்பவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு பெற அது வழி தருகிறது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் அந்த விலக்கு போய்விடலாம், அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடியும் ஒரு நாள் சறுக்கிவிட்டான் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கும்? வெட்கப்பட்டு ஓ.பி.க்கு வர மாட்டான், வீட்டிலும் “எல்லாம் வேஸ்ட்” என்பார்கள். அந்த வாரம்தான் கண்டிப்பாக வர வேண்டிய வாரம். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டுப் பழகிய பிள்ளைகள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. சில வாரம் நிறுத்தியிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும், பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை அவனிடம் சொல்லிவையுங்கள்.

எங்கள் ஓ.பி.யில் குறையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கூட்டம் அதிகம், இரண்டு மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் டாக்டரைப் பார்க்கிற நாளும் உண்டு. 1997-ல் திருச்சியில் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டம் இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, மருந்து இலவசம், தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் டாக்டர் போகிறார். ஆனால் படிக்கிற பிள்ளையும் வேலைக்குப் போகிற பிள்ளையும் காலை பத்து மணிக்கு எப்படி வருவார்கள்? சாயங்கால ஓ.பி. வேண்டும், அதுவும் இளைஞர்களுக்கென்று தனியாக வேண்டும். இதை நான் மைக் கிடைக்கிற இடத்திலெல்லாம் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அதுவரை என்ன செய்யலாம்? மனநல ஆலோசனைக்கு 14416, இது 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பிள்ளைகள் தாங்களே கூப்பிடலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446. எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிழமை என்று தெரியவில்லை என்றால் 104. முதல் தடவை வரும்போது பழைய சீட்டுகள், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீர்கள். இரண்டாவது தடவை வருகிற தேதியைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தருவோம். மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்தத் தேதி இருக்கும், அதைத் தள்ளிப்போடாமல் வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.