பாட்டி கேட்க மறுத்த வசனம்

(தாராபுரம் அருகே ஒரு சபைக் கூட்டத்தில் பேசியது)

அன்பான சகோதர சகோதரிகளே,

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்சி ஆம்ப்ரோஸ் என்று ஒரு பாட்டி இருந்தார். அடிமையாகப் பிறந்தவர், படிக்கத் தெரியாதவர். பேரன் ஹோவர்ட் தர்மன்தான் வேதம் வாசித்துக் காட்டுவார். பவுல் அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதிய நிருபங்களை மட்டும் பாட்டி வாசிக்க விடமாட்டார். எப்போதாவது 'அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்ற அதிகாரத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. பேரன் வளர்ந்தபின் காரணம் கேட்டார். எஜமானின் வெள்ளைக்காரப் போதகர், எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் வசனத்தையே அடிமைகளுக்குத் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தாராம். விடுதலை வந்தால் அந்தப் பகுதியைத் தொடவே மாட்டேன் என்று பாட்டி அன்றே தீர்மானித்துவிட்டார்.

அபூர்வமாக, அடிமைகளில் ஒருவரே வந்து பிரசங்கிப்பதும் உண்டு. 'நீங்கள் அடிமைகள் அல்ல, தேவனுடைய பிள்ளைகள்' என்று அவர் முடிப்பார். பேரனுக்கு அதைச் சொல்லும்போதே பாட்டி நிமிர்ந்து உட்காருவாராம். அந்தப் பேரன் பெரிய போதகரானார். இந்தியா வந்திருந்தபோது 1936இல் காந்தியைச் சந்தித்தார்.

அதே அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள்.

தன்னைத் தானே தாழ்வாக நினைக்க வைக்கும் அந்த வேலையை நம் கொங்கு நாட்டில் சாதி செய்தது. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தது. தோட்டத்து முதலாளி வீட்டுச் சின்னப் பையனையும் நம் தாத்தாக்கள் 'சாமி' என்று கூப்பிட வேண்டியிருந்தது. கிளாஸ் மாறிய ஊர்களிலும் மனசுக்குள் பதிந்தது மாறவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் நம் பிள்ளைகள் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள், தெருவைச் சொல்வதில்லை. ஆராதனையில் முன்வரிசை காலியாக இருந்தாலும் நம் பெரியவர்கள் பின்னால்தான் உட்காருகிறார்கள். அதைத் தாழ்மை என்று நாம் பாராட்டுகிறோம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடித்துப் பழக்கிய பயம் அது.

ஜெபம் பண்ணினால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஜெபம் வேண்டும், என்னைத் தாங்குவதும் அதுதான். ஆனால் வெட்கத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடமும் வேண்டும். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தவும் கூடாது. தனி கிளாஸ் வைத்தவர் மனந்திரும்ப வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கொடுமையைத் தண்டிக்க 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

இந்த மாதப் பெண்கள் கூடுகையில், பாட்டு, ஜெபத்துக்கு அப்புறம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த வசனத்தைச் சொல்லித் தங்களை அடக்கினார்கள் என்று வயசானவர்கள் சொல்லட்டும். யாரும் குறுக்கே புத்தி சொல்ல வேண்டாம். போதகர்களும் வந்து உட்கார்ந்து கேளுங்கள்.