புல்மோட்டை மணலும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பாக இருக்கும், மற்ற மணலைவிடக் கனக்கும். அந்தக் கறுப்புதான் இல்மனைட் என்ற கனிமம். ரூட்டைல், சிர்கோன் என்ற வேறு கனிமங்களும் அதோடு கலந்து கிடக்கின்றன. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது. அன்றிலிருந்து பெரும்பாலும் நாங்கள் செய்துவருவது கழுவி, பிரித்து, கப்பலில் ஏற்றுவதுதான். இல்மனைட்டிலிருந்து பிற நாடுகளில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூளை எடுக்கிறார்கள். வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டிலும் பற்பசையிலும் இருப்பது அதுதான். மணல் விலைக்கு விற்றுவிட்டுப் பெயின்ட் விலைக்கு வாங்குகிறோம். இடையில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் படிப்பு.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். தைத்தேனியத்தைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு வகுப்பைக்கூடப் புல்மோட்டைக்குக் கூட்டிப் போனதில்லை. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

மண்ணில் வளம் இருந்தால் படிப்பில் அசட்டை வந்துவிடும். வலையில் மீன் நிறைய விழுகிற காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்களை நம் கரையோரங்களில் பார்த்திருக்கிறோமே, நாடுகளுக்கும் அதே கதைதான். இயற்கை வளத்தில் தங்கியிருக்கும் நாடுகள் கல்விக்குக் குறைவாகச் செலவிடும் போக்கை ஐஸ்லாந்துப் பொருளியலாளர் தோர்வால்டூர் கில்ஃபசன் 2001இல் எடுத்துக்காட்டினார்.

நோர்வே வேறு வழியில் போனது. 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் அகப்பட்டபோது அவர்களுக்கு அந்தத் தொழில் தெரியாது. வந்த வெளிநாட்டுக் கம்பனிகளிடம், எங்கள் ஆட்களுக்குப் பழக்கு, ஆராய்ச்சியை எங்கள் நாட்டிலேயே செய் என்று கேட்டார்கள். துரொன்ஹெய்மில் 1910 முதல் இயங்கிவந்த தொழினுட்பக் கல்லூரி பெற்றோலியப் பொறியியலாளர்களை உருவாக்கியது. இன்றும் நோர்வே எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் கருவிகளையும் அறிவையும் சேர்த்து விற்கிறது. எண்ணெய் தீர்ந்தாலும் அந்த அறிவு கையில் இருக்கும்.

சரி, இங்கே? பட்டம் கொடுத்தால் மட்டும் போதாது. அரசாங்க வேலைக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளை எல்லோரும் அறிவோம். படிப்பும் வளமும் ஒன்றையொன்று தொடவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம், கோணேசபுரியில் இருக்கிறது. அதே கரையில் வடக்கே போனால் புல்மோட்டை. அந்த மணலில் ஒரு மூட்டை வளாகத்து ஆய்வுகூடத்துக்கு வரட்டும். இல்மனைட்டிலிருந்து வெள்ளைத் தூளைப் பிரிப்பதை எங்கள் பிள்ளைகள் இந்த வருடமே தங்கள் கையால் செய்து பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.